இறாலில் விப்ரியோ: எங்கள் லேப்பில் 3-க்கும் கீழ், வெளி லேப்பில் 43. எங்கே விழுகிறது?

முதுநகர்_க்யூசி:

கடலூர் முதுநகர் பக்கம் ஒரு சின்ன இறால் யூனிட்டின் லேப்பிலிருந்து கேட்கிறேன். தலையோடு வந்த வனாமி, ஒரே லாட், ஒரே கூடை. இரண்டு பையாகப் பிரித்து ஒன்றை இங்கேயே போட்டோம். மற்றது அன்றைக்கு மதியமே ஜெல் பேக் வைத்து புதுச்சேரியில் ஒரு வெளி லேப்புக்குப் போனது. இரண்டு ரிசல்ட்டும் ஒட்டவே இல்லை.

விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் (வயிற்றைக் கெடுக்கும் கடல் கிருமி, சுருக்கமாக பாரா), எம்பிஎன் முறை (எத்தனை குழாயில் வளர்ந்தது என்பதை வைத்து அட்டவணையில் எண்ணிக்கை பார்ப்பது): இங்கே கிராமுக்கு 3-க்கும் கீழ், அங்கே 43.
மொத்தக் கிருமி எண்ணிக்கை, அதாவது டிபிசி: இங்கே கிராமுக்கு 48,000, அங்கே 6,20,000.
சால்மோனெல்லா: இரண்டு இடத்திலும் 25 கிராமில் இல்லை. ஆனால் சால்மோனெல்லா தேடும் எங்கள் எக்ஸ்எல்டி தட்டில் நடுவில் கறுத்த காலனி அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு தடவையும் லாட்டை நிறுத்திவைத்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று விடுகிறோம்.

எங்கள் முறை இதுதான். சாம்பிள் பையைக் கட்டி ஐஸுக்குள் புதைத்து எடுத்து வருவோம். சாயந்தரம்தான் வந்து சேரும் என்பதால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் காலை போடுவோம். தலையும் ஓடும் நீக்கிய சதை 25 கிராம், 0.1 சத பெப்டோன் தண்ணீர் 225 மில்லி, ஸ்டொமேக்கரில் (பையைத் துடுப்பால் அடித்து அரைக்கும் கருவி) 2 நிமிடம். அடுத்தடுத்த நீர்ப்புக்கும் அதே பெப்டோன் தண்ணீர். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என மூன்று நீர்ப்பிலிருந்தும் 1 மில்லி வீதம் மும்மூன்று ஏபிடபிள்யூ (காரப் பெப்டோன் தண்ணீர்) குழாய், 37 டிகிரியில் 24 மணி நேரம். பிறகு குழாயைக் கலக்கி ஒரு லூப் எடுத்து, விப்ரியோவுக்கான டிசிபிஎஸ் தட்டில் இழுப்போம். பச்சைக் காலனி வந்தால் அதிலேயே ஆக்சிடேஸ் (ஊதா நிறம் வந்தால் பாசிட்டிவ் என்னும் நொதிச் சோதனை). பெரும்பாலும் நெகட்டிவ், அதோடு விட்டுவிடுவோம். டிபிசி போர் பிளேட் (சாம்பிள் மேல் உருகிய அகாரை ஊற்றுவது), 35 டிகிரி, 48 மணி.

மீடியா எல்லாம் நல்ல பிராண்ட், தேதி தாண்டவில்லை.


உப்பனாறு:

பிராண்டில் கோளாறு இல்லை. தட்டுக்கு வருமுன்பே பெரும்பங்கு விப்ரியோவை இழந்துவிட்டீர்கள், மிஞ்சி வந்ததை ஆக்சிடேஸ் பார்த்த விதத்தில் தள்ளிவிட்டீர்கள்.

முதலில், எதை அரைக்கிறீர்கள் என்று பாருங்கள். இறாலில் விப்ரியோ குடியிருப்பது செவுளிலும் குடலிலும் ஓட்டின் மேலும்தான். நல்ல இறாலின் வால் சதை உள்ளே கிட்டத்தட்ட சுத்தமாகவே இருக்கும். தலையையும் ஓட்டையும் எடுத்துப் போட்டுவிட்டு விப்ரியோ தேடினால் எங்கிருந்து வரும்? அமெரிக்க எஃப்டிஏவின் பிஏஎம் கையேடு, முடிந்தால் முழு இறாலையும் போடு, பெரிதாக இருந்தால் செவுளும் குடலும் சேரும்படி நடுப்பகுதியை எடு என்கிறது. எடையும் 25 அல்ல, 50 கிராம். கரைசல் 450 மில்லி. நீங்கள் விற்பது உரித்த இறால் என்றால் உரித்த பிறகு உள்ளதைத் தனியாகப் பாருங்கள். ஆனால் தலையோடு வந்த மூலப்பொருளைச் சோதிக்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சதையை மட்டும் போடக் கூடாது. வெளி லேப் முழு இறாலைப் போட்டிருந்தால் வித்தியாசத்தில் பெரும்பங்கு இங்கேயே முடிந்துவிடும். கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஐஸ். விப்ரியோ வெதுவெதுப்பான கடல் தண்ணீரில் பழகியது. ஐஸ் குளிரில் ராத்திரி முழுக்க இருந்தால் ஒரு பங்கு சாகும், ஒரு பங்கு அடிபட்டுக் கிடக்கும். அடிபட்டவை டிசிபிஎஸ் மாதிரியான கடுமையான மீடியத்தில் எழுந்து வராது. இதைவிட மோசம், பையில் ஓட்டை இருந்து ஐஸ் உருகின தண்ணீர் உள்ளே இறங்குவது. அது நல்ல தண்ணீர். உப்பில்லாத தண்ணீரில் விப்ரியோ செல் தாங்காது. சாம்பிளை 7 முதல் 10 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. ஜெல் பேக்கைச் செய்தித்தாளில் சுற்றி, அதற்கும் பைக்கும் நடுவே ஒரு அட்டை வைத்தால் போதும். அன்றைக்கே போட்டுவிடுங்கள். உறைந்த பிளாக் என்றால் இந்தப் பேச்சே இல்லை, உறைந்தபடியே கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது உங்கள் பெப்டோன் தண்ணீர். அதில் உப்பு இல்லை. பத்தில் ஒன்று நீர்ப்பில் இறாலின் சாறே கொஞ்சம் உப்பைக் கொடுக்கும், அதனால் பெரிதாகத் தெரியாது. நூறில் ஒன்றுக்குப் போனதும் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். எம்பிஎன்னில் விடை தீர்மானமாவது அந்த அடுத்த இரண்டு நீர்ப்பில்தான். எல்லா நீர்ப்புக்கும் பிபிஎஸ், அதாவது 0.85 சத உப்பு உள்ள பாஸ்பேட் கரைசல் பயன்படுத்துங்கள்.

ஏபிடபிள்யூ: லிட்டருக்குப் பெப்டோன் 10 கிராம், உப்பு 10 கிராம், பிஎச் 8.5, கூடக் குறைய 0.2. ஐஎஸ்ஓ வழியில் போகிறவர்களுக்கு இரண்டும் 20 கிராம், பிஎச் 8.6. ஆட்டோகிளேவ் ஆனபிறகு ஆறவைத்து பிஎச் பாருங்கள். தயாரிக்கும்போது பார்த்தது கணக்கில் வராது. மூடி தளர்வாக வாரக்கணக்கில் நின்ற குழாய் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு 8-க்கும் கீழே இறங்கியிருக்கும். பிஎச் இறங்கினால் மற்ற கிருமிகளைத் தடுக்கும் வேலியே போய்விடும்.

குழாயைக் கலக்காதீர்கள். விப்ரியோ காற்றை நாடி மேலே வந்து மெல்லிய ஏடு கட்டும். குழாயை அசைக்காமல் எடுத்து, மேலிருந்து 1 சென்டிமீட்டருக்குள் லூப்பை விட்டு எடுங்கள். கலக்கினால் அடியில் இருக்கும் கண்டதும் சேர்ந்து வரும். 18 மணியில் எடுத்துவிடுவது நல்லது, 24-ஐத் தாண்ட வேண்டாம்.

இனி டிசிபிஎஸ். ஆட்டோகிளேவ் கூடாது, கொதித்துக் கரைந்ததும் நிறுத்தி 50 டிகிரிக்கு ஆறவைத்து ஊற்ற வேண்டும். திரும்பத் திரும்ப உருக்கின டிசிபிஎஸ்ஸில் பாரா சிறுத்துப்போகும், சில சமயம் வரவே வராது. ஒவ்வொரு தயாரிப்பிலும் ஏடிசிசி 17802 (ஒப்பிட வைத்திருக்கும் பாரா ரகம்) இழுத்து, 24 மணியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் பச்சைக் காலனி வருகிறதா என்று பாருங்கள். பக்கத்துத் தட்டில் ஈ.கோலை 25922 அடங்கியிருக்க வேண்டும். நம் கடற்கரை இறாலில் இன்னொரு விப்ரியோவான அல்ஜினோலிட்டிகஸ் தாராளமாக இருக்கும். அது சுக்ரோஸை நொதித்துப் பெரிய மஞ்சள் காலனியாகி, தட்டையே மஞ்சளாக்கிவிடும். நடுவில் சிக்கிய பச்சைக் காலனியும் மஞ்சளாகத் தெரியும். அந்த மாதிரித் தட்டில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், குழாயிலிருந்து இன்னொரு தட்டில் மெல்லிசாக இழுங்கள். இன்னொன்று: இன்குபேட்டரிலிருந்து எடுத்ததும் படியுங்கள். மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்வந்தால் மஞ்சள் காலனி பச்சைக்குத் திரும்பியிருக்கும்.

ஆக்சிடேஸுக்கு வருவோம். டிசிபிஎஸ்ஸிலிருந்து எடுத்து ஆக்சிடேஸ் பார்க்கவே கூடாது. பக்கத்திலுள்ள மஞ்சள் காலனிகள் உண்டாக்கும் அமிலத்தால் பாசிட்டிவ் ஆக வேண்டியது நெகட்டிவ் ஆகும். நீங்கள் பச்சையாக இருந்தும் விட்டுவிட்டவற்றில் பாரா இருந்திருக்க நல்ல வாய்ப்பு. ஒவ்வொரு தட்டிலிருந்தும் மூன்று பச்சைக் காலனியாவது எடுத்து, 2 சத உப்புச் சேர்த்த டிரிப்டிக் சோயா அகாரில் இழுத்து, மறுநாள் தனிக் காலனியில் ஆக்சிடேஸ் பாருங்கள். நிக்ரோம் கம்பி வேண்டாம், அதிலுள்ள இரும்பு பொய்யாக ஊதாவாக்கும். பிளாஸ்டிக் லூப் அல்லது மரக்குச்சி. பத்து விநாடிக்குள் வரும் நிறம்தான் நிறம், ஒரு நிமிடம் கழித்து வருவதை எண்ணாதீர்கள்.

ஆக்சிடேஸ் பாசிட்டிவ் ஆனால் மட்டும் பாரா ஆகிவிடாது. சூடோமோனாஸும் ஷெவனெல்லாவும் டிசிபிஎஸ்ஸில் பச்சையாக வரும், ஆக்சிடேஸும் பாசிட்டிவ். ஆர்ஜினைன் குளுக்கோஸ் சாய்வுக் குழாயில் குத்தி இழுங்கள். பாரா என்றால் சாய்வு ஊதா, அடி மஞ்சள், வாயு இல்லை, கறுப்பு இல்லை. சூடோமோனாஸ் நொதிக்காது, அடியும் ஊதாவாகவே இருக்கும். ஏரோமோனாஸ் ஆர்ஜினைனை உடைப்பதால் அதற்கும் அடி ஊதா. பிறகு உப்புத் தாங்கும் சோதனை: 1 சத டிரிப்டோன் குழாய்களில் 0, 3, 6, 8, 10 சத உப்பு. பாரா 0-விலும் 10-லும் வளராது, நடுவில் மூன்றிலும் வளரும். விப்ரியோ வல்னிஃபிகஸ் 8-ல் நின்றுவிடும். அல்ஜினோலிட்டிகஸ் பொதுவாக 10-லும் வளரும். காலரா விப்ரியோ உப்பே இல்லாத குழாயில் வளரும், அதை வைத்தே அதைப் பிரித்துவிடலாம். விதை மிகக் குறைவாகப் போடுங்கள். லூப் நிறைய அள்ளிப் போட்டால் போட்டதே கலங்கலாகத் தெரிந்து, வளராததை வளர்ந்ததாக எழுதிவிடுவீர்கள். வேறு எந்த உயிர்வேதிச் சோதனை போட்டாலும் மீடியத்தில் உப்புச் சேர்க்க மறக்க வேண்டாம். உப்பில்லாத கிட்டில் பாரா வளராமல் எல்லாக் கட்டமும் நெகட்டிவ் காட்டும்.

எண்ணும்போது பாரா என்று உறுதியான குழாய்களை மட்டும் எண்ணுங்கள். ஒன்பது குழாயும் கலங்கியிருக்கலாம், அதற்கு அர்த்தமில்லை. உறுதியானவை 3-1-0 (மூன்று நீர்ப்பிலும் முறையே எத்தனை குழாய் என்பது) என்றால் அட்டவணையில் 43. இதைத்தான் வெளி லேப் எழுதியிருக்கும். அதன் 95 சத எல்லை 9 முதல் 180 வரை. 3-0-0 என்றால் 23, எல்லை 4.6 முதல் 94 வரை. 43-க்கும் 23-க்கும் சண்டை போடுவதில் பொருளில்லை. உங்களுடையது 0-0-0, அதன் மேல் எல்லை 9.5. இரண்டு எல்லையும் ஓரத்தில்தான் உரசுகின்றன. அதனால் இதைக் குழாய்களின் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது, முறையில் வித்தியாசம் இருக்கிறது.


பெட்ரித்தட்டு:

விப்ரியோ பற்றி மேலே சொன்னதோடு முழுக்க உடன்பாடு. டிபிசிக்கு வருகிறேன்.

முதல் கேள்வி, அவங்க எந்த வெப்பத்தில் வைத்தாங்க? ஐஎஸ்ஓ 4833, நம்ம ஐஎஸ் 5402 இரண்டும் 30 டிகிரி, 72 மணி. நீங்கள் 35, 48 மணி. அது பிஏஎம் வழி. இரண்டும் சரியான முறைதான், ஆனால் ஒன்றின் விடையை மற்றதோடு ஒப்பிட முடியாது. ஐஸில் இருந்த மீன், இறால் மேல் தங்கியிருப்பது சூடோமோனாஸ், ஷெவனெல்லா மாதிரிக் குளிர் தாங்கும் கூட்டம். இவற்றில் பலவும் 20 முதல் 30 டிகிரியில் நன்றாக வரும், 35-ல் காலனியே கட்டாது. கெட்டுப்போவதைக் கணிக்கப் பார்க்கிறவர்கள் 30-க்கும் கீழேகூட இறங்குவாங்க. ஹைட்ரஜன் சல்ஃபைடு விடுகிறவற்றை மட்டும் தனியே எண்ண அயர்ன் அகார் இருக்கு, அதில் அவை கறுப்பாக வரும்.

இதில் ஒரு வேடிக்கை. உங்கள் சாம்பிள் ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்ததால் இந்தக் குளிர்க் கூட்டம் கொஞ்சம் கூடியிருக்கணும். கூடியும் பதின்மூன்றில் ஒரு பங்குதான் காட்டுகிறது என்றால் இழப்பு அதைவிடப் பெரிது. ஓடும் செவுளும் போனது ஒன்று, 35 டிகிரி இரண்டு, அகாரின் சூடு மூன்று.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. கையால் தொட்டுப் பார்த்து ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கைக்குத் தாங்குகிற சூடு 50-ஐத் தாண்டியும் இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் அதே அளவு அகார் உள்ள தனிப் பாட்டில் ஒன்றில் தெர்மாமீட்டர் போட்டு வையுங்க. அது 45 காட்டினால் ஊற்றலாம். தொட்டித் தண்ணீர் 45 காட்டினாலும் பாட்டிலின் நடுவில் 52 இருக்கும், அதனால் தண்ணீரை நம்ப வேண்டாம். 45-கூடக் குளிர்க் கூட்டத்துக்குச் சூடுதான். மேலும் அகாருக்குள் புதைந்த செல்லுக்குக் காற்று குறைவு. 0.1 மில்லி எடுத்து உலர்ந்த தட்டின் மேல் தேய்த்தால் பல சமயம் எண்ணிக்கை ஏறும். ஒரு லாட்டில் போர், ஸ்ப்ரெட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்க.

நீர்ப்புப் பிழையும் சேரும். டிபிசிக்கு 0.1 சத பெப்டோனோடு 0.85 சத உப்புச் சேர்த்த கரைசல் நல்லது. ஒவ்வொரு நீர்ப்புக்கும் புதுப் பிப்பெட். பாட்டிலை 30 சென்டிமீட்டர் வீச்சில் 7 விநாடிக்குள் 25 தடவை குலுக்கணும். லேசாக ஆட்டினால் போதாது, கட்டிகள் உடையாது. நீர்ப்பு தொடங்கி அகார் ஊற்றுவதற்குள் 15 நிமிடம். பத்து சாம்பிளுக்கு நீர்ப்பு எல்லாம் போட்டுவிட்டு அப்புறம் ஒரே மூச்சில் ஊற்றுகிற வழக்கம் இருந்தால், முதல் சாம்பிள் மேசையிலேயே மாறியிருக்கும்.

முழு இறாலைப் போடப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: தலைக் கொம்பு ஸ்டொமேக்கர் பையைக் குத்திக் கிழிக்கும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாது, பையை வெளியே எடுத்ததும் தான் துடுப்பில் ஈரம் தெரியும். அந்த சாம்பிள் போச்சு, அடுத்த சாம்பிளுக்கும் துடுப்பைத் துடைத்தாகணும். கிருமி நீக்கின கத்தரியால் சின்னதாக வெட்டி இரட்டைப் பையில் போடுங்க. கண்ணாடி ஜார் பிளெண்டர் இருந்தால் அதில் 2 நிமிடம், இன்னும் நிம்மதி.

கணக்கு சரியாகப் போடுகிறீர்களா என்றும் பாருங்க. உதாரணம்: ஆயிரத்தில் ஒன்று தட்டுகள் 182, 196, பத்தாயிரத்தில் ஒன்று தட்டுகள் 17, 21. நாலையும் கூட்டினால் 416. இதை 2.2-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 1,89,000 சொச்சம், ரிப்போர்ட்டில் 1,90,000. 2.2 எப்படி வந்தது என்றால், முதல் நீர்ப்பில் இரண்டு தட்டு, அடுத்ததில் இரண்டு தட்டு பத்தில் ஒரு பங்கு எடையோடு. வெறும் சராசரி எடுத்துப் போட்டால் காலனி குறைவாக உள்ள நீர்ப்பு விடையை இழுத்துவிடும். பாதித் தட்டுக்கு மேல் படர்ந்திருந்தால் எண்ணாதீங்க, ஸ்ப்ரெடர் என்று எழுதிவிட்டு அடுத்த நீர்ப்புக்குப் போங்க. அடிக்கடி படர்கிறது என்றால் தட்டில் ஈரம் நிற்கிறது. அகார் உறைந்ததும் மேலே 4 மில்லி மெல்லிய அகார் ஊற்றினால் அடங்கும்.


அரியாங்குப்பம்_மைக்ரோ:

எக்ஸ்எல்டி கறுப்புக் காலனி பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சுருக்கமாக.

சால்மோனெல்லா என்றால் சிவப்பு வளையத்துக்குள் கறுத்த நடு. வளையம் மஞ்சளாக இருந்து நடு கறுத்தால் பெரும்பாலும் சிட்ரோபாக்டர் அல்லது புரோட்டியஸ். கடல் பொருளில் இரண்டுமே சகஜம், அதற்காக லாட்டை நிறுத்த வேண்டாம். சிவப்பில் கறுப்பு என்றால் மூன்று குழாய் போடுங்கள். யூரியா 24 மணிக்குள் இளஞ்சிவப்பானால் புரோட்டியஸ், அங்கேயே முடிந்தது. லைசின் அயர்ன் அகாரில் அடி ஊதாவாக இருந்தால் சால்மோனெல்லா பக்கம், அடி மஞ்சள் என்றால் சிட்ரோபாக்டர், சாய்வு கருஞ்சிவப்பு என்றால் திரும்பவும் புரோட்டியஸ். டிஎஸ்ஐயில் (மூன்று சர்க்கரையும் இரும்பும் உள்ள அகார்) சாய்வு சிவப்பு, அடி மஞ்சள், கறுப்பு. மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் பாலி-ஓ சீரம் (சால்மோனெல்லாவைத் திரள வைப்பது). பக்கத்தில் வெறும் உப்புத் தண்ணீர்த் துளியில் அதே காலனியைக் கலந்து பாருங்கள். அதிலும் திரண்டால் சீரம் சொன்னதற்கு மதிப்பில்லை.

கறுப்பே இல்லாத சால்மோனெல்லாவும் உண்டு, எக்ஸ்எல்டியில் வெறும் இளஞ்சிவப்பாக நிற்கும். அதற்காகத்தான் இரண்டாவது தட்டு, பிரில்லியன்ட் கிரீன் அல்லது பிஸ்மத் சல்ஃபைட் ஏதாவது ஒன்று, கட்டாயம் வைக்கச் சொல்கிறார்கள்.

கறுப்பு அடிக்கடி வருகிறது என்றால் செறிவூட்டல் தளர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆர்விஎஸ் (சால்மோனெல்லாவைப் பெருக்கும் குழம்பு) 10 மில்லிக்குச் செறிவூட்டின சாறு 0.1 மில்லிதான், 1 மில்லி போடக் கூடாது. 41.5 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் இருக்க வேண்டும். காற்று இன்குபேட்டரில் குழாய் அந்தச் சூட்டைப் பிடிக்கவே நேரமாகும், அதற்குள் சிட்ரோபாக்டர் முந்திக்கொள்ளும். இன்னொரு குழம்பான எம்கேடிடிஎன் குழாய்க்கு 1 மில்லி, அயோடின் அன்றன்றைக்குச் சேர்த்தது, 37 டிகிரி. பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு இந்தப் பக்கம் மீனில் சாதாரணமாக வராத செரோவகை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிளில் அதே வகை வந்தால் உங்கள் மேசையிலிருந்து தாவியது என்று உடனே தெரிந்துவிடும்.


நெத்திலி_வியாபாரம்:

இடையில் ஒரு கேள்வி சார். நெத்திலி கருவாட்டுக்கும் இதே விப்ரியோ டெஸ்ட்தான் போடணுமா? வாங்குறவங்க ஸ்டாஃப் (ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி) ரிப்போர்ட்டும் கேட்கிறாங்க.


பெட்ரித்தட்டு:

இரண்டும் கேட்பது நியாயம்தான் தம்பி. பாராஹீமோலிட்டிகஸ் முதன்முதலில் பிடிபட்டதே கருவாட்டுச் சாதியில்தான். 1950-ல் ஜப்பானில் ஒசாகாவில், அரைகுறையாகக் காய்ந்த பொடி மீன் சாப்பிட்டு 272 பேருக்கு உடம்புக்கு முடியாமல் போய் 20 பேர் இறந்தாங்க. நன்றாகக் காய்ந்த நெத்திலியில் பாரா பெருகாது. ஈரம் விட்டுப்போன கருவாட்டில்தான் பயம்.

காய்ந்ததில் இருக்கும் செல் அடிபட்டது, நேராக எம்பிஎன்னில் போட்டால் குறைத்துக் காட்டும். உண்டா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் ஐஎஸ்ஓ 21872 வழியில் போங்க. 2 சத உப்பு உள்ள காரப் பெப்டோன் தண்ணீரில் 37 டிகிரியில் 6 மணி, அதிலிருந்து இரண்டாவது குழாய்க்கு எடுத்து 41.5-ல் 18 மணி, பிறகு டிசிபிஎஸ். புது மீன் என்றால் முதல் குழாயும் 41.5-ல்தான் வைப்பாங்க. காய்ந்தது, உப்பிட்டது, உறைந்தது மூன்றுக்கும் முதலில் 37 கொடுத்துத் தேற விடணும்.

ஸ்டாஃப் உப்புக்கு அஞ்சாது, கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வரும், களத்தில் உலர்த்தி அள்ளுகிற வேலையில் சுலபமாக ஏறும். பெயர்ட்-பார்க்கர் தட்டு, 37 டிகிரி, 24 மணியில் ஒரு பார்வை, 48-ல் ஒரு பார்வை. மினுங்கும் கறுப்புக் காலனி, சுற்றிலும் தெளிந்த வளையம். 0.1 மில்லி மட்டும் தேய்த்தால் கிராமுக்கு 100-க்குக் கீழே எதுவும் தெரியாது. முதல் நீர்ப்பிலிருந்து 1 மில்லியை மூன்று தட்டில் 0.3, 0.3, 0.4 என்று பிரித்துத் தேயுங்க, 10 வரை இறங்கும். ஐந்து காலனி எடுத்து முயல் பிளாஸ்மாவில் கோயகுலேஸ் பாருங்க, இடிடிஏ கலந்த பிளாஸ்மாவாக இருக்கணும். சிட்ரேட் கலந்ததில் சிட்ரேட்டைத் தின்னும் வேறு கிருமி இருந்தால் அதுவும் உறைய வைத்துவிடும். 4 மணியிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்க, சில ரகம் உறைய வைத்ததைத் தானே திரும்பக் கரைத்துவிடும். நூறில் ஒன்று தட்டில் 64 காலனி, ஐந்தில் நாலு பாசிட்டிவ் என்றால் 64-ல் ஐந்தில் நாலு பங்கு 51.2, 0.1 மில்லிக்காக 10, நீர்ப்புக்காக 100, ஆக கிராமுக்கு 51,000.

வறுத்தால் ஸ்டாஃப் சாகும். ஆனால் அது முன்னாடியே விட்ட நஞ்சு கொதிக்கிற சூட்டுக்கும் அசையாது. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே பழைய சரக்கு பத்திரம் என்று எடுத்துக்க முடியாது.


முதுநகர்_க்யூசி:

எல்லாருக்கும் நன்றி. வெளி லேப்பைக் கேட்டேன்: முழு இறால், பிபிஎஸ், டிபிசி 30 டிகிரி. மேலே சொன்னபடியே இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் முறையை மாற்றிய பிறகு அது சரியாகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? அடுத்தது, 3-க்குக் கீழ் வந்தால் ரிப்போர்ட்டில் "இல்லை" என்று எழுதச் சொல்கிறார்கள், எழுதலாமா?


உப்பனாறு:

தெரிந்த அளவு விதைத்துப் பார்ப்பதுதான் வழி. வேகவைத்து ஆறின இறால் 25 கிராம், பிபிஎஸ் 225 மில்லி அரைத்துக்கொள்ளுங்கள். வெந்ததால் அதில் சொந்த விப்ரியோ இருக்காது. ஏடிசிசி 17802-ஐ உப்புச் சேர்த்த சோயா குழம்பில் ஓர் இரவு வளர்த்து, பிபிஎஸ்ஸில் இறக்கி மில்லிக்கு 1,250 வரும்படி கொண்டுவந்து, அதில் 1 மில்லியை அரைத்ததில் சேருங்கள். ஆக மில்லிக்கு 5, கிராமுக்கு 50. முதல் நீர்ப்பில் மூன்று குழாயும் பிடிக்க வேண்டும், நூறில் ஒன்றில் சராசரியாக ஒன்று பிடிக்கும், ஆயிரத்தில் ஒன்றில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. 3-1-0 அல்லது 3-0-0, சில சமயம் 3-2-0 வந்தால் முறை வேலை செய்கிறது. சேர்த்த கலவையை அதே நேரம் 2 சத உப்பு அகாரில் தேய்த்து, உண்மையில் எவ்வளவு போட்டீர்கள் என்று எண்ணிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றுமே இருக்காது. இதையே பழைய பெப்டோன் தண்ணீரிலும் பக்கத்தில் போடுங்கள். ஐஸின் பாதிப்பைப் பார்க்க, விதைத்த பையில் ஒன்றை ஐஸுக்குள்ளும் ஒன்றை 8 டிகிரியிலும் ஓர் இரவு வையுங்கள். இந்த வேலை லேப் மேசையோடு நிற்க வேண்டும், உற்பத்தி ஹால் பக்கம் கல்ச்சர் குழாய் போகக் கூடாது. முடிந்ததும் எல்லாம் 121 டிகிரியில் 30 நிமிடம்.

ரிப்போர்ட்டில் "இல்லை" என்று எழுதாதீர்கள். நீங்கள் சோதித்தது ஒவ்வொரு சாம்பிளிலும் மொத்தமாகவே மூன்றில் ஒரு கிராம்தான்: 0.1, 0.01, 0.001 கிராம் மும்மூன்று குழாய். "கிராமுக்கு 3.0 எம்பிஎன்னுக்கும் கீழ்" என்று எழுதுங்கள். வாங்குபவர் இன்னும் கீழே கேட்டால், பத்தில் ஒன்று கரைசலை 10 மில்லி வீதம் மூன்று குழாயில் கூடுதலாகப் போட்டு 1 கிராமிலிருந்து தொடங்குங்கள். அப்போது அட்டவணை எண்ணைப் பத்தால் வகுக்க வேண்டும், கீழ் எல்லை 0.3 ஆகும். அந்தக் குழாய்களுக்கு இரட்டைச் செறிவு ஏபிடபிள்யூ 10 மில்லி. ஒற்றைச் செறிவு என்றால் 100 மில்லி வேண்டும்.

43 என்பது எத்தனை ஆளைப் படுக்க வைக்கும் என்று கேட்டால் அது தனி விஷயம். கடலில் உள்ள பாராவில், நோயோடு தொடர்புள்ள டிடிஎச், டிஆர்எச் மரபணு உள்ளவை சிறு பங்குதான். உறுதியான காலனிகளைச் சாய்வுக் குழாயில் எடுத்து வைத்து பிசிஆர் (மரபணுச் சோதனை) வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். அறை வெப்பத்தில், மெழுகு மூடி போட்டு. ஃப்ரிட்ஜில் வைத்தால் செத்துப்போய் வெறும் குழாய்தான் போய்ச் சேரும்.